ஒரே வில்லில் பதினாறு எண்ணிக்கை

மார்ச் 4, செவ்வாய்

ஒத்திகை தொடங்கிவிட்டது. வேப்பேரியில் எங்கள் சபை ஹால், மாலை ஆறு மணி, பதினான்கு பேர். மின்விசிறிகள் ஆறு, அதில் சுற்றியவை நான்கு. கோயிலில் ஆர்கன் வாசிக்கும் கிளாட்வின்தான் எங்கள் குழுவை நடத்துகிறவன். குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின நாள் கச்சேரி. முந்நூறு வருடப் பழசான பரோக் வயலின் கான்செர்ட்டோ இரண்டு, ஒன்று இத்தாலியருடையது, மற்றது ஜெர்மானியருடையது. இரண்டிலும் தனி வயலின் நான். முப்பத்தொரு வருடம் சினிமா ஸ்டுடியோவில் யார் யார் பாட்டுக்கோ பின்னால் உட்கார்ந்து வாசித்தவனுக்கு ஐம்பத்தெட்டு வயதில் முன்னால் நிற்கும் யோகம்.

அதிலும் ஒரு கல். இரண்டு கான்செர்ட்டோவுக்கும் நடுவில் இப்போது உயிரோடிருக்கும் யாரோ ஒரு பின்லாந்துக்காரர் எழுதிய ஒன்பது நிமிடத் துண்டை வைத்திருக்கிறான் கிளாட்வின். ஒரு மடத்துக்குப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறாராம். முதல் ஸ்டாண்டில் ஒரே தாளைப் பார்த்து வாசிக்கும் இரண்டு வயலின்கள் ஒரே ஸ்வரத்தை, மிக மெல்லிசாக, ஒரே வில்லில் பதினாறு எண்ணிக்கை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வில்லைத் திருப்பி இன்னொரு பதினாறு. பாவ அறிக்கை ஜெபத்தின் ஒரு வரிக்கு ஒரு வில். பாடுவதற்கு யாரும் கிடையாது, வரியை மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் இடையிடையே ஓரிரு ஸ்வரம் வாசித்துவிட்டு ஓய்ந்துவிடுவார்கள். நடுவில் கைதட்டல் கூடாது, இடைவெளி கூடாது. கான்செர்ட்டோவின் வேகமான கடைசிப் பகுதி முடிந்த கையோடு அதற்குள் போக வேண்டும்.

"பாயசத்துக்கு நடுவுல எதுக்குய்யா உபவாசம்?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள்.

"லெந்து காலம்தானே அண்ணா," என்றான் கிளாட்வின். "அந்தக் காலத்துல அவங்க நிறுத்தாம பேசுவாங்க. பேசி முடிச்சப்புறம் ஒரு அமைதி இருக்கும் பாருங்க, இவரு அதை மட்டும் எழுதியிருக்காரு."

ஆர்கன்காரனுக்கு என்ன, கட்டையை அழுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கலாம்.

மார்ச் 5, புதன்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். குளியலறைக் குழாய்க்கு ஆள் வரவில்லை. இந்தப் பேனா சரியில்லை, எழுத்து கோணிக்கொண்டு போகிறது.

மார்ச் 8, சனி

இத்தாலியக் கான்செர்ட்டோ பட்டாசு. கடைசிப் பகுதியில் விரல்கள் தாமாக ஓடின. செல்லோ வாசிக்கும் வரதன், என் ஸ்டுடியோக் காலத்துச் சிநேகிதன், "யோவ் தொரை, இருபது வயசு கொறைஞ்சுட்டியா?" என்றான். நடுவில் வரும் மெதுவான பகுதியில் நிறைய அலங்காரம் செய்தேன். பரோக்கில் அதற்கு அனுமதி உண்டு, எழுதிய ஸ்வரத்தைச் சுற்றி நாமே பூ வைத்துக்கொள்ளலாம். கிளாட்வினுக்குத்தான் பூ அதிகமாம்.

பிறகு பின்லாந்துக்காரர். என் பக்கத்தில் உட்காருபவள் ஜெமிமா. இருபத்தேழு வயது, பள்ளிக்கூடத்தில் மியூசிக் டீச்சர், நல்ல வாசிப்பு. ஒரே ஸ்டாண்ட், ஒரே தாள், இருவருக்கும் ஒரே ஸ்வரம். நாலைந்து வில் போயிருக்கும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த கிளாட்வின் கையைத் தூக்கி நிறுத்தினான்.

"முதல் ஸ்டாண்ட்ல வில் நடுங்குது."

"ஹால் ஈரம். வில்லுல ரெசின் பிடிக்கல," என்றேன்.

ஜெமிமா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 11, செவ்வாய்

வில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று பென்சிலால் குறிப்பது முதல் வயலின்காரனான லீடரின் வேலை. நான் குறித்தால் எல்லா ஸ்டாண்டும் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளும், ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. அந்த வழக்கப்படி பதினாறு எண்ணிக்கையை நான்கு நான்காக வெட்டி நான்கு வில் போட்டேன்.

"சார், கம்போசர் ஒரே வில்லுன்னு போட்டிருக்காரே," என்றாள் ஜெமிமா.

"கம்போசர் இந்த ஹால்ல வந்து வாசிச்சாராம்மா? நாலு வில் போட்டாத்தான் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்."

அவள் எழுதிக்கொண்டாள். வாசித்தோம். சுத்தமாக இருந்தது. வரதன் மட்டும், "நல்லாத்தான் இருக்கு, மரம் அறுக்கற மாதிரி," என்றான். அவனுக்கு எதிலும் ஒரு நொள்ளை சொல்ல வேண்டும்.

மார்ச் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கிளாட்வின் வந்ததும் வராததுமாக, "அண்ணா, மன்னிச்சுக்கோங்க, பென்சிலை அழிச்சிடலாம். ஒரே வில்லாவே இருக்கட்டும். நாலா வெட்டினா ஜெபம் விக்கல் மாதிரி ஆயிடுது," என்றான். அழித்தோம். வாசித்தோம். மூன்றாவது வில்லில் வந்துவிட்டது அந்த நடுக்கம். இந்த முறை பின்வரிசைக்கே கேட்டது. தலைகள் திரும்பின.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. எங்கேயாவது பிசகினால் ஸ்டாண்ட் ஸ்டாண்டாக, ஆள் ஆளாகத் தனியே வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடிப்பார்கள். லீடரை மட்டும் சொல்ல மாட்டார்கள். எந்த ஸ்டுடியோவிலும் சொன்னதில்லை, சொன்னால் அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். அப்படியொரு மரியாதை.

"ஜெமிமா, நீ மட்டும் வாசிம்மா," என்றான் கிளாட்வின்.

பதின்மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு விடும் அளவுக்கு மெல்லிசாக, ஒற்றை ஸ்வரம். யாருக்கும் வில்லின் முனையில் லேசாக ஆடத்தான் செய்யும், அவளுக்கும் ஆடியது. ஆனால் நாங்கள் கேட்டது அதுவல்ல. இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும்.

கிளாட்வின் என்னைப் பார்த்தான். நான் ரெசினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, நீ பின்னாடி ஸ்டாண்டுக்குப் போம்மா. கில்பர்ட் இங்க வரட்டும்."

வயலினையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை சாப்பிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

நற்கருணையில் குருவானவர் கொடுத்த சின்னக் கோப்பையிலிருந்து திராட்சை ரசம் சட்டையில் சிந்திவிட்டது. பக்கத்திலிருந்தவர் இடித்துவிட்டார் என்று மனைவி பியூலாவிடம் சொன்னேன். அவள் இருபத்தாறு வருடம் நர்ஸ் உத்தியோகம் பார்த்தவள். "யாரும் இடிக்கலைங்க," என்றாள். "மூணு மாசமா அரை டம்ளர் காப்பிதான் ஊத்தித் தர்றேன். ஏன்னு நீங்களும் கேட்கலை."

நாளைக்கு நரம்பு டாக்டரிடம் போக வேண்டுமாம்.

மார்ச் 17, திங்கள்

போனேன். டாக்டர் சின்னப் பையன் மாதிரி இருக்கிறார். ஒரு தாளைக் கொடுத்துச் சுருள் வரையச் சொன்னார், வரைந்தேன். கையை நீட்டச் சொன்னார், நீட்டினேன். என்னவோ பெயர் சொன்னார், அதை இங்கே எழுதப்போவதில்லை. வேகமாக வேலை செய்யும்போது வெளியே தெரியாதாம், அசையாமல் பிடிக்கும்போதுதான் காட்டிக்கொடுக்குமாம். உயிருக்கு ஒன்றுமில்லை. குறையாது, கூடும். மேடை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ள ஒரு மாத்திரை எழுதினார். வீசிங் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். பியூலா அப்போது பில் கட்டும் வரிசையில் நின்றிருந்தாள். மாத்திரையை நானே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஐந்து மணிக்கு மாத்திரை. ஆறரைக்குப் பின்லாந்துக்காரர். கில்பர்ட்டும் நானும். ஒன்பது நிமிடமும் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் கிண்டல் செய்த இசை இது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கான்செர்ட்டோவின் ஓட்டம் முடிந்து அந்த ஒற்றை ஸ்வரம் வரும்போது, அதுவரை வாசித்ததெல்லாம் எதற்காக என்று அது கேட்பது போல இருக்கிறது. கிளாட்வின் சொன்னது சரி.

"இப்பதான் அண்ணா இது இசை," என்றான் அவன்.

எல்லாரும் ஒருமுறை பின் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஜெமிமா இருந்தாள். சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை.

மார்ச் 22, சனி

நன்றாகப் போனது. படியேறும்போது மூச்சு இரைத்தது.

மார்ச் 25, செவ்வாய்

ஒத்திகைக்குப் பின் கிளாட்வின் என்னைத் தனியே அழைத்தான். ஜெமிமா வியன்னாவில் ஒரு வருடப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். ஏப்ரல் 15-க்குள் குழு நடத்துனரின் சிபாரிசுக் கடிதம் ஒன்று, மேடையில் வாசிக்கும் வீடியோ ஒன்று போய்ச் சேர வேண்டும். எனக்கு இது தெரியும், ஜனவரியிலேயே சொன்னாள். இந்தக் கச்சேரியில் முதல் ஸ்டாண்டில் அவள் வாசிக்கும் வீடியோதான் போவதாக இருந்தது.

"வில் கட்டுப்பாடு எப்படின்னு ஃபாரத்துல தனியா ஒரு கேள்வி இருக்கு அண்ணா. மனசறிஞ்சு பொய் எழுத முடியல. எழுதலைன்னா அவளுக்கு இடம் கிடைக்காது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நீ யோசிச்சு செய்," என்றேன்.

மார்ச் 29, சனி

ஜெமிமா வீட்டுக்கு வந்தாள். பியூலா கறிவேப்பிலை வாங்கக் கீழே போயிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஒண்ணு கேட்கணும். நாலு வருஷமா உங்க பக்கத்துல உட்கார்றேன். ஸ்டுடியோ முழுக்க உங்க காதுதான் பெரிய காதுன்னு சொல்வாங்க. அன்னைக்கு என் கை நடுங்குச்சா?"

பதில் எனக்குத் தெரியும். வாய்க்குள் இருந்தது. இப்போது சொன்னால் இந்த வாரமே வரதனுக்கும், அடுத்த வாரம் எல்லா ஸ்டுடியோவுக்கும் தெரிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். கச்சேரி இரண்டு வாரத்தில். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை முன்னால் நிற்கப்போகிறேன்.

"கொஞ்சம்," என்றேன். "பழகினா சரியாயிடும்."

அவள் தலையாட்டினாள். "தேங்க்ஸ் சார். நேரா சொன்னீங்களே, அது போதும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். நன்றி வேறு சொல்லிவிட்டுப் போகிறாள் என்று எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

ஒத்திகைக்குப் போகவில்லை. மதியத்திலிருந்தே இழுப்பு. நெஞ்சில் விசில் அடித்தது. பியூலா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பெயரைப் படித்தாள்.

"வீசிங் இருக்கறவங்க இதைத் தொடவே கூடாது. டாக்டர்கிட்ட சொன்னீங்களா, இல்லையா?"

பதில் சொல்ல மூச்சு இல்லை. அதுவும் வசதியாகத்தான் இருந்தது. அட்டையைக் குப்பையில் போட்டாள். ஆவி பிடிக்கும் கருவியை என் மூக்கில் வைத்து, அது முடியும்வரை தலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்லவேளை, பேசவில்லை.

ஏப்ரல் 5, சனி

காய்ச்சல் என்று சொல்லி இன்றும் போகவில்லை. எட்டு மணிக்கு வரதன் போன் செய்தான்.

"தொரை, அந்தப் பொண்ணுக்கு இப்ப நெசமாவே நடுங்குதுய்யா. கான்செர்ட்டோலகூட. வீட்டுல தினம் நாலு மணி நேரம் அந்த ஒரு ஸ்வரத்தையே இழுத்துக்கிட்டு இருக்காளாம், அவங்க அம்மா சொன்னாங்க. வில்லை எடுத்தாலே பயப்படுது. இவ்ளோ நாள் இல்லாத வியாதி எங்கிருந்துய்யா வந்துச்சு?"

மோர்க்குழம்பு வைத்திருந்தாள் பியூலா. பசி இல்லை என்றேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனையில் பாவ அறிக்கை வந்தது. சிறுவயதிலிருந்து தூக்கத்தில்கூடச் சொல்லக்கூடிய ஜெபம். இப்போது அதன் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை எண்ணிக்கை என்று தெரிகிறது. இரண்டாவது வரியில் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

மதியம் பியூலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச் 15-ம் தேதி, 29-ம் தேதி, ஒன்றும் மறைக்கவில்லை. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? நானா வியன்னா போறேன்?" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த நோட்டில் ஒரு மாதமாக எழுதியதைத் திருப்பிப் படித்தேன். பேனாவின் மேல் பழி, ஹாலின் மேல் பழி, ரெசினின் மேல் பழி. கடைசியில் ஒரு பெண்ணின் மேல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மாத்திரை இல்லாமல் போனேன். உட்கார்ந்து எல்லாரும் சுருதி சேர்த்து முடித்ததும் எழுந்தேன்.

"கிளாட்வின், இன்னைக்கு முதல் ஸ்டாண்டைத் தனித்தனியா கேளு. என்னிலிருந்து தொடங்கு."

"எதுக்கு அண்ணா அதெல்லாம்," என்றான். அவன் முகம் சிவந்துவிட்டது. லீடரிடம் அப்படிக் கேட்பது அவனுக்கே அவமானம். வரதன், "யோவ், உட்காருய்யா," என்றான்.

உட்காரவில்லை. வயலினை எடுத்து வைத்து அந்த ஸ்வரத்தைத் தொடங்கினேன். இரண்டு எண்ணிக்கை நின்றது. மூன்றில் தொடங்கியது. வில் தந்தியில் தத்தித் தத்திப் போனது. நிறுத்தாமல் பதினாறும் எண்ணினேன். திருப்பி இன்னொரு பதினாறு. யாருக்கும் சந்தேகம் இருக்கக் கூடாது.

"இதுதான் அன்னைக்குக் கேட்டது," என்றேன். "ஜெமிமா இல்லை. எனக்கு வியாதி. பதினெட்டாம் தேதி மாத்திரை போட்டு வாசிச்சேன்."

கிளாட்வின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஜெமிமா, முன்னாடி வாம்மா," என்றான்.

வந்தாள். தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து வில்லை வைத்தாள். அதுவும் நடுங்கியது. என்னுடையது போல் அல்ல, வேறு விதம். பயத்தின் நடுக்கம். வில்லை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி நடுங்கியது. வில்லை மடியில் வைத்துக்கொண்டாள்.

இடைவேளையில் வெளியே படியில் நின்றிருந்தாள். கிட்டே போய், மன்னித்துக்கொள் என்று சொன்னேன்.

"நீங்கதான்னு எனக்கு மொதல் நாளே தெரியும் சார்," என்றாள். "ஒரே ஸ்டாண்டு, ஒரு சாண் தள்ளி உட்கார்றேன், தெரியாதா? நீங்களா சொல்வீங்கன்னு இருந்தேன். பின்னாடி போகச் சொன்னப்பகூட ஒண்ணும் தோணல. உங்க வீட்டுல வந்து கேட்டேன் பாருங்க. கொஞ்சம்னு சொன்னீங்க. அப்பதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. என் காதைவிட உங்க காதை நம்பினேன்."

அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டாள்.

"இப்ப அது என்னோடதாயிடுச்சு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

கிளாட்வின் கடிதத்தை எழுதி அனுப்பிவிட்டான். நல்ல கடிதம், எனக்குப் படித்துக் காட்டினான். வில் கட்டுப்பாட்டுக்கு முழு மதிப்பெண். வீடியோ மட்டும் கச்சேரியில்தான் எடுக்க வேண்டும், வேறு நாள் இல்லை. தனி வயலினையும் ஜெமிமாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். மூன்று நாளில் யாராலும் இரண்டு கான்செர்ட்டோ தயார் செய்ய முடியாது என்றான், அதுவும் நியாயம்தான். கான்செர்ட்டோவில் ஓடுவது நான், ஒற்றை ஸ்வரத்தில் நிற்பது அவள் மட்டும் என்று முடிவாயிற்று. குழாய்க்கு ஆள் வந்து வாஷர் மாற்றிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

நேற்றுக் கச்சேரி. கோயில் நிறைந்துவிட்டது. இத்தாலியக் கான்செர்ட்டோவை இதைவிட நன்றாக நான் வாசித்ததில்லை, இனி வாசிக்கப்போவதுமில்லை. கடைசி ஸ்வரம் தூண்களில் பட்டு அடங்குவதற்குள் வயலினைக் கீழே இறக்கினேன். அடுத்த ஒன்பது நிமிடம் எனக்கு வேலை இல்லை. எல்லாரும் பார்க்கும்படி முன்னால் நின்றுகொண்டு, பின்னால் என் நாற்காலி காலியாக இருக்க, ஜெமிமா தனியே அந்த ஸ்வரத்தைத் தொடங்குவதைக் கேட்டேன்.

முதல் வில் நேராகப் போனது. இரண்டாவதும் போனது. நான் ஜெபத்தின் வரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது வில்லில், பத்தாவது எண்ணிக்கையில் நடுங்கியது. அவள் நிறுத்தவில்லை. ஆறில் கொஞ்சம், ஏழில் இல்லை, எட்டில் மறுபடி. ஒன்பது நிமிடமும் அவள் அதோடு மல்லுக்கட்டுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வீடியோதான் வியன்னாவுக்குப் போகும்.

ஜெர்மானியக் கான்செர்ட்டோவை எப்படி வாசித்தேன் என்று நினைவில்லை. எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முடிந்ததும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சபைச் செயலர் அசரியா ஐயா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம் தம்பி. நடுவுல அந்தப் பொண்ணுக்குத்தான் கொஞ்சம் கை நடுங்கின மாதிரி இருந்துச்சு."

"அதுக்குக் காரணம் நான் ஐயா," என்றேன். "வியாதி எனக்குத்தான். பழியை அவ மேல போட்டேன். உனக்குத்தான் நடுங்குதுன்னு அவ நம்பற மாதிரி பொய் சொன்னேன். அந்த பயத்துல வந்தது அது. அவ கையில ஒரு குறையும் கிடையாது."

அவர் என்னைக் கனிவாகப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"பார்த்தீங்களா? சின்னவங்க செஞ்ச தப்பைத் தன் மேல போட்டுக்கறாரு. பெரிய மனசு இவருக்கு."

"இல்லை ஐயா, நெசமாவே," என்று தொடங்கினேன். அதற்குள் அவர் அதை அடுத்த கும்பலிடம் சொல்லப் போய்விட்டார். இரண்டடி தள்ளி ஜெமிமா வில்லைத் தளர்த்திப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பெட்டியை மூடி, "வரேன் சார்," என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு அம்மாவோடு போய்விட்டாள்.

இன்று காலை ஆராதனை முடிந்து, குருத்தோலையோடு நான் வாசலைத் தாண்டுவதற்குள் நான்கு பேர் அந்தப் 'பெரிய மனசை'யே சொல்லிக் கை கொடுத்தார்கள். நால்வரிடமும் மறுத்தேன். நால்வரும் என்னை இன்னும் கொஞ்சம் உயர்வாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.